விரதம் என்று சொல்லிவிட்டேன்

செப்டம்பர் 8, திங்கள்

எடை 94.6.

ரெபேக்கா மேடம் ஒரு நோட்டுதான் வாங்கச் சொன்னார். வாயில் போடுவதை எல்லாம் அதில் எழுதி மாதம் ஒருமுறை அவரிடம் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது நோட்டு நானாக வாங்கியது. அவர் படிக்கிற நோட்டில் அவரையே திட்ட முடியாது அல்லவா?

விஷயம் இதுதான். சாந்தாமணிக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் இங்கே கோபியிலேயே டயாலிசிஸ். அவள் அண்ணனுக்குச் சர்க்கரை, மகளுக்குக் கைக்குழந்தை. கடைசியில் என் கிட்னி பொருந்துகிறது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாளைக்கே அறுத்து எடுங்கள் என்றேன். அந்த டாக்டர் தம்பி என் தொப்பையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

"சார், உங்க உயரத்துக்கு எண்பத்திநாலுல இருக்கணும். அதுக்கு மேல இருந்தா உங்களுக்கு ரிஸ்க். மூணு மாசம் எடுத்துக்கங்க. டிசம்பர்ல பண்ணிடலாம்."

மூன்று மாதம்! அவனுக்கு அது காலண்டரில் மூன்று தாள். எனக்கு இருபத்திநான்கு டயாலிசிஸ். ஒவ்வொன்றுக்கும் அவள் கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம், வீட்டுக்கு வந்து பொழுதுசாயும் வரை சுருண்டு படுப்பது. ஆகஸ்டில் ஒருநாள் மூச்சு வாங்கி ஆம்புலன்சில் போனோம். டிசம்பராம்.

அவனுக்கு அடுத்த அறையில்தான் உணவு ஆலோசகர் ரெபேக்கா மேடம். ஒரு நாளைக்கு 1600 கலோரி என்று லிஸ்ட் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் பன்னிரண்டு வாரத்தில் பத்து கிலோ இறங்குமாம். அப்படியென்றால் அதில் பாதியைச் சாப்பிட்டால் ஆறு வாரத்தில் இறங்காதா? எட்டாம் கிளாஸ் கணக்கு. இதைச் சொன்னதற்கு அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பன்னிரண்டு டயாலிசிஸ் மிச்சம். நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த வீட்டில் "போதும்" என்கிற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது.

காலையில் டயாலிசிஸ் முடித்து வந்த பொம்பளை, படுக்காமல், சின்னத் தராசு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சோறு நிறுத்துகிறாள். லிஸ்டை அடுப்படிச் சுவரில் ஒட்டியாயிற்று. எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் மெல்லுவதைப் பார்க்கிறாள்.

"மாமா, இன்னொரு கரண்டி பொரியல் போடோணும்."

"போதும் புள்ள."

"லிஸ்ட்ல இருக்குதுங்க."

"பசிக்கல."

"பசிக்கலையா? உங்களுக்கா?"

பதில் என்ன சொல்வது? இருபத்தாறு வருடமாக என் பசியைப் பார்த்தவள். வாயில் என்ன வந்ததோ அதைச் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு நான் விரதம்."

கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் சாமி கும்பிடாத ஆள். ஒவ்வொரு வருடமும் இவளைப் பழனிக்குக் கூட்டிப்போய், மலையடிவாரத்தில் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆள்.

"விரதமா? நீங்களா? யாருக்கோசரம்?"

"உனக்கோசரந்தான். வேற யாருக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, கையில் ஒரு டம்ளர் பால் இருந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வாய்கூடக் கட்டாயப்படுத்தவில்லை. விரதக்காரனிடம் யாரும் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல முடியாது. இது தெரியாமல் இத்தனை வருடம் வீணாக்கியிருக்கிறேன்.

ரெபேக்கா மேடம் நோட்டில்: சோறு, பொரியல், பருப்பு, மோர். லிஸ்ட்படி.

செப்டம்பர் 15, திங்கள்

எடை 91.5. ஒரே வாரத்தில் மூன்று கிலோ! எங்கே அந்தப் பேனாவைக் கீழே வைத்த அம்மா?

விரத அட்டவணையும் தயார். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு. சனி பெருமாளுக்கு, புரட்டாசி பிறக்கப்போகிறது, கேட்கவே வேண்டாம். இடையில் கிருத்திகை, பிரதோஷம் வந்தால் அதுவும். நாத்திகன் என்று பெயர் எடுத்தவன் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறேன். விரதமில்லாத நாட்களில் மத்தியானச் சாப்பாடு டப்பாவில் ஸ்கூலுக்கு வருகிறது. ஸ்கூல் என்றால் டிரைவிங் ஸ்கூல், இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடுகிற இடத்தில் ஒரு செவலை நாய் உண்டு. டப்பா அதற்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று டயாலிசிஸ் நடுவில் சாந்தாவுக்கு பிரஷர் இறங்கிவிட்டது. காலைத் தூக்கிவைத்து, மிஷினை மெதுவாக்கி, ஒரே களேபரம். சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் வயித்தோட வந்தா இப்படித்தாங்க ஆகும். சாப்புட வெச்சுக் கூட்டிட்டு வரமாட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து போட்டேன் ஒரு சத்தம். "டயாலிசிசுக்குச் சாப்புடாம போறவள எங்கயாச்சும் பாத்திருக்கறயா? அறிவிருக்குதா உனக்கு?"

"வாய்க்குப் புடிக்கலீங்க மாமா."

"புடிக்குதோ புடிக்கலையோ, முழுங்கோணும். மருந்து மாதிரி முழுங்கோணும். ஒடம்புல தெம்பிருந்தாத்தான் ஆபரேசன் தாங்கும்."

தலையைத் தலையை ஆட்டினாள். இவளுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் என் உயிர் போய்விடும்.

செப்டம்பர் 22, திங்கள்

எடை 89.8.

செப்டம்பர் 24, புதன்

ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. இன்று சாப்பிட்டது: பால் ஒரு டம்ளர், ஒரு ஆப்பிள், மத்தியானம் மோர், ராத்திரிக்கு அரை டம்ளர் கஞ்சி. நோட்டில் எழுதியது: தளிகைச் சோறு ஒரு கப், சுண்டல், காய், தயிர். எழுத எழுத வாயில் எச்சில் ஊறுகிறது. பொய்ச் சாப்பாட்டுக்கு இத்தனை மணம் இருக்கும் என்று தெரியாது.

சாந்தா நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு எனக்கும் இட வந்தாள். விட்டுத் தொலைத்தேன். பூஜை அலமாரி முன்னால் கால் மணி நேரமாகக் கண்ணை மூடி நின்றாள். என்னத்தை அப்படிக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. முடிந்ததும் நீயாவது போய்ச் சாப்பிடு என்றேன்.

"நீங்க கெளம்புங்க. நான் பொறவு சாப்புட்டுக்கறேன்."

செப்டம்பர் 29, திங்கள்

எடை 88.9. ஒரு வாரத்தில் ஒரு கிலோ கூட இறங்கவில்லை. என்ன அக்கிரமம் இது? முதல் வாரம் மூன்று, இப்போது ஒன்றுக்கும் கீழே. நான் என்ன குறைவாகவா பட்டினி கிடக்கிறேன்?

ரெபேக்கா மேடத்துக்குப் போன வாரம் நோட்டையும் எடைக் கணக்கையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். இன்று போன் செய்தார். "சார், இதெல்லாம் சாப்பிட்டா இவ்வளவு வேகமா இறங்காதே. முடி கொட்டுதா? மயக்கம் வருதா?" என்று போலீஸ் விசாரணை. இல்லவே இல்லை மேடம் என்றேன்.

முடி கொட்டத்தான் செய்கிறது. ஐம்பது வயதில் கொட்டாமல் என்ன செய்யும்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மூன்று கார்களையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்தோம். அப்புறம் பொரியும் பொட்டுக்கடலையும் பொட்டலம் கட்டி வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். கொடுக்கிற கை என் கை. ஒரு பிடி என் வாய்க்குப் போனது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பொட்டலத்துக்கு வைத்திருந்த பொரியில் பாதியைத் தின்றுவிட்டேன். வெல்லமும் சேர்த்து. பல்லில் மாட்டிய கடலைத் துணுக்கை நோண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாளை முழுக்கத் தண்ணீர் மட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

88.7. இருநூறு கிராம். ஒரு வாரத்துக்கு இருநூறு கிராம்! என் செருப்பு அதைவிடக் கனம்.

அக்டோபர் 9, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

ஹேமலதா டீச்சருக்கு இன்று ஒன்பதாவது கிளாஸ். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை, ஐம்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். பாரியூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்து சீட்டில். எங்கள் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கால் ஒரு தடவை தப்பியதில்லை.

வாய்க்கால் திருப்பத்தில் ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. பார்த்தேன். மிதிக்க வேண்டும் என்று தெரிகிறது. காலுக்குச் சேதி போகவில்லை. சுற்றிலும் வெள்ளையாகிவிட்டது, காது அடைத்துக்கொண்டது. வண்டி குலுங்கி நின்ற பிறகுதான் எனக்கு ஆடுகள் தெரிந்தன. டீச்சர் தானாகவே மிதித்திருக்கிறார். முன் பம்பருக்கும் ஒரு குட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

"சார், நீங்க போடுவீங்கன்னு நெனச்சேனுங்க."

"வெயிலுங்க டீச்சர். கண்ணைக் கட்டிருச்சு."

"என்ன வெயிலு? மேகமா இருக்குது." வண்டியை ஓரம் கட்டி, என் முகத்தையே பார்த்தார். "முப்பது வருசமா ப்ரேயர்ல புள்ளைங்க மூஞ்சியப் பாக்கறனுங்க. காலையில சாப்புடாம வந்த புள்ள எதுன்னு எனக்குப் பாத்ததுமே தெரியும். எங்க உங்க டப்பா? தொறங்க."

டப்பா காலி. நாய் நக்கியது கூடக் காயவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிட்னி, 84, பாதிச் சாப்பாட்டுக் கணக்கு, விரதம், எல்லாம்.

"ஏனுங்க, முதல் நாள் நான் என்ன கேட்டேன்? இருபது கிளாசையும் அஞ்சு நாள்ல முடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"அது வேறங்க டீச்சர்."

"கையும் காலும் பழகறதுக்கு நாளாகும், அவசரப்பட்டா எங்கயாச்சும் கொண்டுபோய் முட்டுவீங்கன்னு சொன்னீங்க."

"அது வேறங்க."

"உங்க வீட்டுல சொல்லப்போறேன்."

கும்பிடாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினேன். அவர் பையிலிருந்த இரண்டு பிஸ்கட்டை நான் தின்னும் வரை சாவியைத் தரவில்லை. என் வண்டிச் சாவி!

பிஸ்கட் இரண்டும் நோட்டில் ஏறாது. இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

88.7. போன வாரமும் இதே, இந்த வாரமும் இதே. தராசுதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அடுப்படியிலிருந்து புது கேஸ் சிலிண்டரைத் தூக்கிவந்து அதன்மேல் நிறுத்தினேன். சிலிண்டர் எடைதான் மேலேயே அச்சடித்திருக்கிறதே. காலி எடையும் கேஸும் கூட்டினால் கிராம் பிசகாமல் அப்படியே காட்டுகிறது. தராசு நன்றாக இருக்கிறது. நான்தான் கெட்டுப்போயிருக்கிறேன்.

சிலிண்டரைத் திரும்பத் தூக்க முடியவில்லை. உருட்டிக்கொண்டு போய் வைத்தேன். சாந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னெல்லாம் ஒரு கையில தூக்குவீங்க."

"இடுப்புப் புடிப்பு."

அக்டோபர் 14, செவ்வாய்

இந்தக் கொடுமையை யாரிடம் சொல்வேன்? எனக்கு இறங்க வேண்டியது இவளுக்கு இறங்குகிறது!

டயாலிசிஸ் முடிந்ததும் எடை பார்ப்பார்கள். செப்டம்பரில் 51 இருந்தாள், இன்று 48. தண்ணீர் போனதால் அல்ல, உடம்பே இளைக்கிறது என்கிறார் சிஸ்டர். முட்டையின் வெள்ளைக்கரு தினம் இரண்டு தின்னச் சொல்லியிருக்கிறார்கள். தின்கிறாயா என்றால் ம் என்கிறாள். கூடை நிறைய முட்டை அப்படியே இருக்கிறது. ஏன் என்றால், "இன்னைக்குச் செவ்வாய்க்கெழமைங்க" என்கிறாள்.

"செவ்வாய்க்கெழமைன்னா உனக்கென்ன? நாந்தான விரதம்!"

"வீட்டுல விரதமிருக்கறப்ப அடுப்புல முட்டையா வேக வெக்கறது?"

சரி, புதன்கிழமை வேகவை, வியாழக்கிழமை வேகவை என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். உடம்பைப் பற்றி இத்தனை அக்கறையில்லாத ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட வேண்டாமா? இதைக்கூடவா ஒருத்தர் சொல்லித்தர வேண்டும்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. 88.9. ஏறியிருக்கிறது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுகிறது.

படித்துப் பாஸானவர்கள் பதினோரு ஸ்வீட் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றையும் பிரிக்காமல் மைதானத்தில் கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்தேன். செவலை நாய் ஓட முடியாமல் நடந்து வருகிறது. என் ஆறு கிலோ எங்கே போனது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அக்டோபர் 22, புதன்

ஒரே வழிதான். இன்று கந்த சஷ்டி ஆரம்பம். ஆறு நாள். பால் மட்டும் என்று அறிவித்துவிட்டேன். சாந்தா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பிறகு அதற்காக வேறு வருத்தப்பட்டேன்.

30ஆம் தேதி கோயமுத்தூரில் பரிசோதனை. அதற்குள் 86 ஆவது வந்துவிட்டால் டாக்டரிடம் பேசி நவம்பர் நடுவில் தேதி வாங்கிவிடலாம்.

அக்டோபர் 23, வியாழன்

பால். தலைவலி.

அக்டோபர் 24, வெள்ளி

பால். டயாலிசிசில் சாந்தாவுக்கு மறுபடியும் பிரஷர் இறங்கி, இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

கிளாஸ் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டேன். இந்தக் காலை நம்பி இன்னொருத்தர் வீட்டு மனுஷியை ரோட்டில் விட முடியாது.

அக்டோபர் 27, திங்கள்

87.4. சூரசம்ஹாரம் டிவியில் ஓடியது. சூரனுக்குத் தலை மாறி மாறி வருகிறது. எனக்கு இருக்கிற ஒன்றே நிற்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே சாந்தா. நேற்று நடந்ததை நேற்று எழுதக் கை வரவில்லை.

கோயமுத்தூரில் காலையிலேயே இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் ரெபேக்கா மேடம் அறைக்கு வரச் சொன்னார்கள். மேஜையில் என் நோட்டும் ரிப்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பொய் சொல்லும், மற்றது சொல்லாது.

"சார், இந்த நோட்டுல தினம் பருப்பு, முட்டை, தயிர் இருக்கு. உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஹீமோகுளோபின் பத்து. புரோட்டீன் குறைஞ்சு கால் வீங்கியிருக்கு. இறங்குன ஏழு கிலோவுல கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவுன்னு பாத்தீங்களா? பாதி சதை. இந்த உடம்பை எந்த டாக்டரும் டேபிள்ல ஏத்தமாட்டாங்க."

நான் சாந்தாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

அடுத்து அவளுடைய ரிப்போர்ட்டை எடுத்தார். "நீங்க ஏன்மா இப்படி இருக்கீங்க? உங்க புரோட்டீன் அவரை விடக் கம்மி. இப்ப ஆபரேஷன் பண்ணா தையல்கூட ஆறாது. என்னதான் சாப்பிடறீங்க?"

"நல்லாத்தானுங்க சாப்புடுவேன். விரத நாள்ல மட்டும் இல்லீங்க."

"உங்களை யார் விரதம் இருக்கச் சொன்னா?"

சாந்தா அந்த அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"வீட்டு ஆம்பளை எனக்கோசரம் வயித்தக் காயப்போட்டுட்டு இருக்கறாருங்க. நான் எப்படிங்க உக்காந்து சாப்புடறது? எங்க பக்கம் அப்படி வழக்கமில்லீங்க. அவரு சோத்த விட்டா நானும் விட்டர்றது. அவருக்குத் தெரிஞ்சா வையுவாருன்னு சொல்லல."

ரெபேக்கா மேடம் காலண்டரை இழுத்து வைத்து, சாந்தா சொல்லச் சொல்ல எண்ணினார். திங்கள், செவ்வாய், சனி, கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி ஆறு நாள். ஐம்பத்திரண்டு நாளில் இருபத்தெட்டு நாள். டயாலிசிஸ் நோயாளி. இருபத்தெட்டு நாள் நான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். சாப்பிடு சாப்பிடு என்று கத்திக்கொண்டே போட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் மார்ச்சுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் மார்ச். பன்னிரண்டு டயாலிசிஸ் மிச்சம் பிடிக்கப் போனவன், இருபத்தைந்துக்கு மேல் அவள் கையில் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டியது, சேவூர் தாண்டியது. நம்பியூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஓட்டிக்கொண்டே சொல்ல முடியாது.

"சாந்தா. விரதமெல்லாம் பொய்யி."

"என்னுங்க?"

"சோத்தக் கொறைக்கறதுக்குச் சொன்னேன். நீ லிஸ்ட வெச்சுட்டு எதுக்கால உக்காந்துக்கற. விரதம்னாத்தான் நீ விடுவீன்னு சொன்னேன். நான் எந்தச் சாமியையும் கும்புடல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். வெளியே கரும்பு லாரி ஒன்று போனது. அது போகும் வரைக்கும் அதையே பார்த்தாள்.

"அப்ப நீங்க எனக்கோசரம் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"இல்ல."

"ஒருநாள்கூட?"

"இல்ல புள்ள."

"நானும் கேக்கல மாமா." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நீங்க எனக்குக் கேட்டுட்டு இருக்கறீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணையே கேட்டா சாமிக்குச் சலிச்சுப் போயிருமுன்னு, நான் உங்களுக்குக் கேட்டேன். எங்க மாமனுக்கு எடை எறங்கோணும், அறுக்கறப்ப அவருக்கு ஒண்ணும் ஆகாம எந்திரிச்சு வரோணும்னு. இத்தன நாளும் அது ஒண்ணுதான் கேட்டேன்."

என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கோசரம் ஒருத்தருமே கேக்கலையா?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே தைரியம் சொல்லி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், வண்டியை எடுக்க முடியாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டுகிற கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நம்பியூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அவளுக்கு இரண்டு இட்லி, இரண்டு முட்டை வெள்ளை. எனக்குச் சோறு, கீரை, மீன். யாரும் யாரையும் "போதும்" என்று சொல்ல விடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மாதம் ஒருமுறை போதுமாம், ரெபேக்கா மேடம் உத்தரவு.

காலையில் லிஸ்ட்படி மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. முழுசாகச் சாப்பிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்து அவளுடையதைச் சாப்பிட்டாள். கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கிளாசும் இல்லை ஒன்றும் இல்லை. பச்சைமலை முருகன் கோயிலுக்குப் போனேன்.

படியில் பாதி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எந்தப் பக்கம் போவது, எங்கே சீட்டு வாங்குவது, ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போன குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர்கள் கன்னத்தில் போட்டால் நானும் போட்டேன். என் வயசுக்கு இது என்ன கூத்து என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. சன்னதிக்கு முன்னால் நின்றதும் ஐயர் தட்டோடு வந்தார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

"சாந்தாமணி."

"நட்சத்திரம்?"

திருதிருவென்று விழித்தேன். இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். அவளுடைய ரத்த குரூப் தெரியும், கிரியாட்டினின் தெரியும். நட்சத்திரம் தெரியாது. "சாமி பேருக்கே பண்ணிடலாமா?" என்றார் ஐயர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே போனை எடுத்தேன். பின்னால் ஒருவர், "ஏனுங்ணா, சன்னதியில போன் பேசறீங்க, நகருங்க" என்றார். நகரவில்லை.

"சாந்தா, உன்ற நட்சத்திரம் என்ன?"

"என்னுங்க?"

"நட்சத்திரம் புள்ள, நட்சத்திரம். ஐயரு கேக்கறாரு. பின்னாடி ஆளுக வையறாங்க, சீக்கிரம் சொல்லு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்கறீங்க மாமா?"

"பச்சமலையில."

"முட்டை தின்னுபோட்டா கோயிலுக்குப் போனீங்க?"

போச்சு. விரதமில்லாத நாளிலும் அது ஆகாது என்று எனக்கு எங்கே தெரியும்? ஐயர் காதில் விழாதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டேன். இத்தனை பேரை நிற்கவைத்துவிட்டு இறங்கிப் போவதை நினைத்தாலே வேர்த்தது.

சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் சிரித்து. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"ரோகிணிங்க. பரவால்ல, நின்னு கேட்டுட்டே வாங்க."

கேட்டேன்.